பெஞ்சு வேண்டாம் என்ற பெரிய மனிதர்

எங்கள் ஊர் நால்ரோட்டை அழகுபடுத்தப் போகிறோம் என்று நகராட்சிக்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டார்கள். கருத்துச் சொல்வது எனக்குக் கரும்பு தின்பது மாதிரி, கூலிகூட வேண்டியதில்லை. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்து, இடுப்பு வலி என்று வீட்டோடு நின்றுவிட்டவன் நான். பொழுது போக வேண்டுமே. முதல் வரிசையில் இடம் பிடித்தேன்.

முதலில் சரித்திரத்தை எடுத்துவிட்டேன். பருத்தி வண்டிகள் வந்து நின்றது, மாடுகள் தண்ணீர் குடித்த கல்தொட்டி, செவ்வாய்ச் சந்தை, புளியமரத்தடி மேடை என்று ஒன்று விடவில்லை. இன்ஜினியர் கொட்டாவி விட்டார். பேச்சை மாற்றினால்தான் பிழைப்பு என்று, பிளானில் போட்டிருந்த பெஞ்சுகளைப் பிடித்துக்கொண்டேன்.

"பெஞ்சே வேண்டாமுங்க. போட்டா குடிகாரனுகதான் படுத்துக்குவானுக."

எல்லாரும் கைதட்டினார்கள். இன்ஜினியர் எழுதிக்கொண்டார். என் ஜென்மத்தில் ஒரு ஆபீசர் என் பேச்சை எழுதிக்கொண்டது அன்றைக்குத்தான். வீட்டுக்கு வந்தால், கூட்டத்தில் என்ன நடந்தது என்று மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு மனத்தாங்கல்தான்.

இப்போது நால்ரோட்டில் டைல்ஸ் தரை, நீரூற்று, இரும்பில் செய்த பெரிய தையல் மெஷின் எல்லாம் இருக்கிறது. புளியமரத்தடியில் இருந்த பழைய கல்மேடையை இடித்துவிட்டார்கள். உட்கார மட்டும் இடமில்லை.

மனைவி இன்னமும் பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போகிறாள். கம்பெனி வேன் அங்கேதான் வந்து ஏற்றிக்கொள்ளும். ஒருநாள் அவள் மறந்துவிட்டுப் போன சோற்றுத் தூக்குப்போசியைக் கொடுக்கப் போனேன். பத்துப் பெண்கள் நின்றிருந்தார்கள். என் மனைவி நீரூற்றைச் சுற்றியிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றாள். அவளுக்கு முழங்கால் வலி. அரைமணி நேரம் கழித்துத்தான் வேன் வந்தது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

சாயங்காலம் தைலப் புட்டியை எடுத்துக்கொண்டு அவள் காலடியில் உட்கார்ந்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் செய்யாத வேலை. அவள் சந்தேகமாகப் பார்த்தாள்.

"பெஞ்சு வேண்டாம்னு அன்னிக்குச் சொன்னது நாந்தான்."

"தெரியுமுங்க," என்றாள். "ரெண்டு பெஞ்சு கேக்கலாம்னு நாங்க பத்துப் பேரும் கூட்டத்துக்கு வந்து பின்னால நின்னுட்டுத்தான இருந்தோம். உங்களுக்கு எல்லாரும் கைதட்டுனதுக்கப்பறம் நான் எப்படிங்க கேக்கறது?"