நாற்பத்திமூன்று கட்டைக்கும் பொட்டு

புத்தூர்ப் பாலேஸ்வரிக்குப் பயமில்லாத பொருள் உலகத்தில் ஒன்றுதான்: நிறம். மற்றதெல்லாவற்றுக்கும் பயம். இடி, தெரியாத இலக்கத்திலிருந்து வரும் ரெலிபோன் கோல், மண்ணிற உறையில் வரும் கடிதம், "அக்கா, உங்களோடை ஒரு கதை" என்று யாராவது தொடங்குவது. ஏன் இப்படி என்று நான் கேட்கவில்லை. ஐம்பது கடந்தவர்களிடம் பயத்தின் காரணத்தை விசாரிப்பது எங்கள் பக்கத்தில் மரியாதையில்லை. கேட்டால் எல்லாரும் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். பிறகு ஒருவரும் வேலைக்குப் போக முடியாது.

நிறத்துக்குப் பயமில்லாததற்குக் காரணம் புகையிலை. புகை போட்ட இலைகளை நிறம் பார்த்துத் தரம் பிரிக்கிற வேலையைப் பதினைந்து வயதிலிருந்து செய்தவர். முதுகு பழுதாகிக் குனிய முடியாமற் போனபோதுதான், இருந்தபடி செய்யக்கூடிய வேலை ஒன்று பருத்தித்துறை வீதியிலேயே கிடைத்தது.

அங்கே ஒரு பழைய வெங்காயக் கொட்டில். நடத்துபவர் சுதாகரன், வயது முப்பத்தொன்று. ஒல்லாந்திலிருந்து ஒரு வியாபாரி சாக்குச் சாக்காகப் பழைய விளையாட்டுக் கட்டைகளை அனுப்புவார். பிள்ளைகள் ஒன்றிலொன்று பொருத்தி வீடு கட்டுகிற பிளாஸ்டிக் கட்டைகள்தான். ஏழு பெண்கள் அவற்றை நிறம் நிறமாகப் பிரித்துத் திருப்பி அனுப்பவேண்டும். முந்தி வந்த ஒல்லாந்தர் எங்களுக்கு அலுவலகத்துக்குக் கந்தோர் என்ற சொல்லைத் தந்துவிட்டுப் போனார்கள். இவர் கந்தோர் தரவில்லை, வேலையை மட்டும் தந்தார்.

ஏழு பேருக்கும் பதினான்கு கண், பதினான்கும் ஒத்துப்போவதில்லை. ஒருத்தியின் சாம்பல் மற்றவளுக்கு நீலம். இரண்டு தரம் பிழையான பொதி போய்விட்டது. ஒல்லாந்துக்காரர் ஒவ்வொரு நிறத்திலும் சரியான கட்டை ஒன்று, மொத்தம் நாற்பத்திமூன்று, தபாலில் அனுப்பினார். இவற்றை ஒரு பலகையில் பதித்து வையுங்கள், சந்தேகம் வந்தால் அதோடு ஒப்பிடுங்கள் என்றார்.

"மூண்டாவது பிழை வந்தா வேலையை வேறை நாட்டுக்குக் குடுத்திடுவாராம்," என்றார் சுதாகரன். "பாலேஸ்வரியக்கா, பலகை உங்கடை பொறுப்பு."

அன்றைக்கிருந்து அக்காவின் பயப் பட்டியலில் பலகையும் சேர்ந்தது.

ஆனால் வேலை என்று வந்தபோது பயம் ஒதுங்கி நின்றது. பின்னுக்கு நிறமிருந்தால் கண்ணை ஏமாற்றும் என்று பலகைக்கு வெறும் சாம்பல் பூசினார். காலை ஒன்பது மணிக்கும் பத்துக்கும் இடையில், வடக்கு வாசல் நிழலில் மட்டும் பார்த்தார். மட்டையில் ஓட்டை வெட்டி அதற்குள்ளால் ஒரு கட்டை மட்டும் தெரியும்படி பிடித்தார். தன் சிவப்புச் சேலையின் சாயை வெள்ளைக் கட்டையில் விழுகிறதென்று கண்டுபிடித்து, புருசனின் பழைய வெள்ளை வேட்டியைத் தோளைச் சுற்றிப் போர்த்துக்கொண்டார். கட்டைக்குக் கீழே ஒல்லாந்துக்காரரின் இலக்கம்; அதற்குக் கீழே அக்கா வைத்த பேர்: பஸ் சிவப்பு, முருங்கையிலை, கறுத்தக்கொழும்பான் மாம்பழம், மழைக்கு முந்தின வானம். பலகை வந்த நாளிலிருந்து கொட்டிலில் சண்டை குறைந்தது. சண்டை குறைந்ததும் அக்காவுக்குப் பயம் கூடியது. இவ்வளவு நல்லாய்ப் போனால் எங்கேயோ ஒன்று வரப்போகிறது என்றுதானே பொருள்.

அது நவராத்திரியோடு வந்தது.

ஆயுதபூசைக்குத் தராசு, கத்தரிக்கோல், சுதாகரனின் மடிக்கணினி எல்லாவற்றையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்கள். அக்கா பலகையைக் கொண்டுவந்து வைத்தார். சட்டத்தில் ஒரு பொட்டு வைத்தாற் போதும். மற்றவர்கள் அப்படித்தான் வைத்திருப்பார்கள். ஆனால் பொட்டில்லாத கட்டை ஏதாவது பிழைத்துவிட்டால்? மஞ்சளும் சந்தனப்பொடியும் குழைத்து நாற்பத்திமூன்றுக்கும் ஒவ்வொரு பொட்டு வைத்தார். அந்தப் பொடியில் சந்தனம் இருந்ததற்குப் பெட்டியில் அச்சடித்த படத்தைத் தவிர வேறு சாட்சியில்லை.

மூன்றாம் நாள் துடைத்தபோது நாற்பத்திரண்டு கட்டையில் பொட்டுப் போய்விட்டது. வெள்ளையில் போகவில்லை. நடுவில் ஒரு மஞ்சள் வட்டம், முட்டைக்கரு மாதிரி.

கூட வேலை செய்கிற பிரியந்தினி பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தாள். "ஐயோ அக்கா, வெள்ளையைப் பெரியபிள்ளையாக்கிச் சாமத்தியச் சடங்கெல்லே செய்துபோட்டியள்!"

"வாயை மூடடி."

"வேறை வெள்ளையை எடுத்து வையுங்கோவன். சாக்கு நிறையக் கிடக்கு."

"எல்லாம் பழசடி. ஒண்டு பால், ஒண்டு மோர், ஒண்டு பழஞ்சோறு. உது ஒண்டுதான் வெள்ளை."

சவர்க்காரம் போட்டார், போகவில்லை. தேசிக்காய்ப்புளி, அதற்கும் அசையவில்லை. உரஞ்சினால் பளபளப்புப் போய்விடும். திங்கட்கிழமை பின்னேரம் ஒல்லாந்துக்காரர் வீடியோவில் பலகையைப் பார்க்க வருகிறார். பொட்டைத் துடைத்தது சனிக்கிழமை காலை.

மஞ்சள் கறை எதற்குப் போகும் என்று அக்காவுக்குத் தெரியும். சேலையில் பட்டால் வெயிலில் விரிப்போம், போய்விடும். ஆனால் கொட்டில் சுவரில், ஒல்லாந்துக்காரர் சொல்லி ஒட்டிய கடதாசியில் முதல் வரியே இதுதான்: வெயில் படக்கூடாது. வெயிலில் வெள்ளை மஞ்சளாகிவிடும்.

மஞ்சள் போக வெயில் வேண்டும். வெயிலில் வைத்தால் மஞ்சளாகும். இந்த இரண்டுக்கும் நடுவில் அக்கா ஒரு மணித்தியாலம் இருந்தார். கடைசியில் வெள்ளைக் கட்டையை மட்டும் பலகையிலிருந்து கழற்றி, முற்றத்தில் ஒரு கோப்பையைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தார். பக்கத்திலேயே குந்தியிருந்து கண்வெட்டாமல் பார்த்தார். காகம் வந்தால் பயம், முகில் வந்தால் பயம், முகில் விலகினால் அதைவிடப் பயம். பிரியந்தினி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள், ஆறிப்போனது.

ஒன்றரை மணிக்கு வட்டம் போய்விட்டது.

போனது வட்டம் மட்டும்தானா? அக்கா கட்டையை வடக்கு வாசலுக்குக் கொண்டுபோய் மட்டையின் ஓட்டைக்குள்ளால் பார்த்தார். பாலில் ஆடை கட்டத் தொடங்குகிற நேரத்து நிறம். வேறு ஒருவருக்கும் தெரியாது. பிரியந்தினிக்குத் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை. சுதாகரனின் திரையில் ஒல்லாந்துக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார். ஒவ்வொரு நிறமாகக் காட்டச் சொன்னார். வெள்ளைக்கு வந்ததும் நிறுத்தி, ஏதோ கேட்டார்.

"இதை ஆர் பதிச்சதெண்டு கேக்கிறார், அக்கா."

அவ்வளவுதான். பொட்டு வைத்தது, கறை பிடித்தது, தேசிக்காய், கோப்பை, வெயில், ஒன்றரை மணி, பாலாடை என்று எல்லாவற்றையும் அக்கா ஒரே மூச்சில் கொட்டினார். கண்ணீரும் வந்தது. சுதாகரன் வாயைப் பிளந்து கேட்டார். பிறகு திரையைப் பார்த்துச் சிரித்தபடி இங்கிலீசில் நாலு சொல் சொன்னார். ஒல்லாந்துக்காரரும் சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

"என்னவாம்?"

"நல்லாச் செய்திருக்கிறியளாம். இதே மாதிரி இன்னும் ரெண்டு செய்யட்டாம், தன்ரை மற்ற இடங்களுக்கு."

"நான் சொன்னதைச் சொன்னியோ?"

"ஓம் அக்கா. சுருக்கிச் சொன்னன்."

"என்னெண்டு?"

சுதாகரன் மேசையைப் பார்த்தார். "அவர் சொன்னபடியே பதிச்சதெண்டு."

அக்காவுக்கு வேலை போகும் என்ற பயம் ஒரு நிமிசத்தில் சின்னதாகிவிட்டது. அதைவிடப் பெரியது ஒன்று வந்திருந்தது. இந்தப் பாலாடை வெள்ளை இன்னும் இரண்டு பலகைக்குப் போகும். ஆர் ஆரோ அதைப் பார்த்து, இதுதான் வெள்ளை என்று பிரிப்பார்கள். திருத்த ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

"அவருக்குத் திருப்பிக் கோல் எடு."

"விசரே அக்கா? அவரே சரியெண்டிட்டார். ஏழு பேரின்ரை வேலை இருக்கு இதிலை."

"அவருக்குத் தெரியேல்லை. எனக்குத் தெரியுதே. எடு, சுருக்காமல் சொல்லு."

சுதாகரன் எடுத்தார். இந்தத் தரம் நீளமாய்ச் சொன்னார். மஞ்சளுக்கு இங்கிலீசு தெரிந்தது, பொட்டுக்குத் தெரியாமல் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். மற்றப் பக்கத்திலிருந்து இரண்டு வசனம் மட்டும் வந்தது. சுதாகரன் மடிக்கணினியை மூடிவிட்டுத் திரும்பினார்.

"புது வெள்ளை அனுப்புறாராம். வருமட்டும் வெள்ளையைப் பிரிக்கவேண்டாமாம்."

"வேறையொண்டும் சொல்லேல்லையோ?"

"யோசிச்சுச் சொல்லுறனெண்டார்."

எதை யோசிக்கிறார், இது மூன்றாவது பிழையாகக் கணக்கில் ஏறியதா என்று யாரும் எழுதிக் கேட்கவில்லை. கேட்கவேண்டாம் என்பதில் ஏழு பேருக்கும் ஒரே கருத்து. மூன்று கிழமையாகிறது. தபால் வரவில்லை. வெள்ளைக் கட்டைகள் மூலையில் ஒரு சாக்கில் சேர்ந்துகொண்டே போகின்றன. பாலேஸ்வரியக்கா அந்தப் பக்கத்தால் போகிறபோது சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் போகிறார், எங்கேயாவது நிறம் பட்டுவிடும் என்று.