கிடாய்க் கிண்ணம்

சாவகச்சேரி பஸ் நிலையத்தடியில் ஓட்டோ ஓடும் குகதாசனை ‘கோல்ஃப் குகன்’ என்று கேட்டால்தான் ஆட்களுக்குத் தெரியும். முதலில் பகிடிக்கு வைத்த பெயர். இப்போது அவரே அதை ஓட்டோவின் பின்பக்கத்தில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்.

இளவயதில் டுபாய்க்குப் போய், ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டும் வேலையில் சேர்ந்தவர் அவர். வருடத்துக்கு ஒருதரம் அங்கே பெரிய தொழில்முறைச் சுற்றுப்போட்டி நடக்கும். அதற்காக மாதக்கணக்கில் வெயிலில் நின்று புல்லைச் சீராக்குவார்கள். போட்டி தொடங்கும் அன்று வேலையாட்கள் எல்லாரும் பின்பக்கக் கொட்டகைக்குப் போய்விட வேண்டும். ஒருவர் தலையும் வெளியே தெரியக்கூடாது. கைதட்டல் கேட்கும் திசையை வைத்து, எந்தக் குழியில் பந்து விழுந்தது என்று குகதாசனும் அவருடன் வேலை செய்த குருநகர் செபநாயகமும் பந்தயம் பிடிப்பார்கள். அத்தனை வருடத்தில் இருவரும் ஒரு பந்தைக்கூட அடித்ததில்லை.

வேலை முடிந்து ஊருக்கு வந்தபோது, மைதானத்தில் கழித்துவிட்ட மூன்று மட்டைகளையும் ஒரு பை நிறையப் பழைய பந்துகளையும் கேட்டு வாங்கி வந்தார். பெட்டியைத் திறந்து பார்த்த மனைவி கஜந்தினிக்குச் சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியவில்லை.

“சனம் டுபாயிலையிருந்து தங்கம் கொண்டு வருது. நீங்கள் பொல்லுக் கொண்டு வந்திருக்கிறியள்.”

அடுத்த மாசியில், அரிவு வெட்டு முடிந்து வயல்கள் வெறுமனே கிடந்த நேரம், குகதாசன் தனங்கிளப்புப் பக்கம் வயல் வைத்திருந்த நாகலிங்கத்தாரிடம் போனார்.

“என்ன விளையாட்டடா உது?”

“பந்தை அடிச்சுக் குழிக்குள்ளை விழுத்திறது, ஐயா.”

“அவ்வளவுதானே? மாடு மேயிற தரை. பந்தும் மேயட்டும். மழைக்கு முதல் குழியளை மூடிப்போடு.”

அந்த வருடம் விளையாட வந்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. மூன்று மட்டை போதாது என்று வெல்டிங் கடை சுபாஸ் தண்ணீர்க் குழாயை வளைத்து நாலைந்து செய்து தந்தான். கஜந்தினி முணுமுணுத்துக்கொண்டே பழைய சேலையில் கொடி தைத்தாள். பந்துகள் வயலை ஒட்டிய கடலேரிக்குள் போய் விழாமலிருக்க, அவரும் டுபாயை விட்டு ஊர் திரும்பியிருந்த செபநாயகம் கிழிந்த வலையொன்றைக் கொண்டுவந்து கரையோரம் இழுத்துக் கட்டினார். பிறகுதான் பெரிய விவாதம் வந்தது.

“இது தொழில்முறைப் போட்டியோ, சும்மா விளையாட்டோ?” என்று கேட்டான் சுபாஸ்.

“பரிசுக்கு விளையாடினால் தொழில்முறைதான்,” என்றார் செபநாயகம்.

“அப்ப என்ரை கிடாயொண்டைத் தாறன்,” என்றார் வரம்பில் நின்ற நாகலிங்கத்தார். போட்டிக்குக் கிடாய்க் கிண்ணம் என்ற பெயர் அந்த இடத்திலேயே விழுந்தது. கிடாயை வென்ற சுபாஸ் அன்று பின்னேரமே அதைக் கறியாக்கி, தோற்றவர்கள் எல்லாருக்கும் போட்டான்.

இரண்டாம் வருடம் நாம்பன் மாடொன்று நடுவயலில் படுத்துக்கொண்டு எழும்ப மறுத்தது. மாட்டில் பட்ட பந்தை மறுபடி அடிக்கலாம் என்று அன்றே ஒரு சட்டம் போட்டார்கள். மூன்றாம் வருடம் கஜந்தினி தானும் விளையாடப்போவதாகச் சொன்னாள். பள்ளிக்கூடக் காலத்தில், பொல்லால் பந்தடிக்கும் எல்லே விளையாட்டில் பந்தை மதிலுக்கு அப்பால் அனுப்பியவள் அவள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அடித்தாள். கிடாயோடு வீட்டுக்குப் போனாள். குகதாசன் கயிற்றைப் பிடித்தபடி பின்னால் நடந்தார்.

கொரோனாக் காலத்தில் போட்டி நின்றது. திரும்பத் தொடங்கிய வருடம், கொழும்பிலிருந்து றஞ்சித் என்ற உண்மையான தொழில்முறை வீரரே வந்து இறங்கினார். யாரோ போட்ட வீடியோவைத் தொலைபேசியில் பார்த்துவிட்டு வந்திருந்தார். அவருடைய முதல் பந்து வலைக்கு மேலால் பறந்து சேற்றில் புதைந்தது. சனம் ஆரவாரித்தது. ஆனால் மனுசன் விடவில்லை. கஜந்தினியைவிட ஒரேயொரு அடி குறைவாக அடித்துக் குழிகளை முடித்து வென்றார். கிடாயின் கயிற்றைக் கையில் கொடுத்ததும்தான் முழித்தார்.

“அங்கிள், இத எப்படி ட்ரெயின்ல கொண்டுபோறது?”

“நீங்கள் போங்கோ தம்பி,” என்றார் குகதாசன். “ எங்கடை வீட்டிலை நிக்கட்டும். வருசத்துக்கொருக்கா வந்து பாருங்கோ.”

புறப்படும்போது றஞ்சித் இன்னொன்றும் கேட்டார்: “நீங்க ஏன் அங்கிள் விளையாடல?”

“நான் புல்லுப் பாக்கிற ஆள், தம்பி.”

சொல்லிவிட்டுக் குகதாசன் சிரித்தார். கஜந்தினி சிரிக்கவில்லை. அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள்.

அடுத்த மாசியில் ஒலிபெருக்கியைப் பிடித்திருந்த செபநாயகம், “அடுத்ததாகக் குகதாசன்!” என்று கூப்பிட்டபோது, குழியொன்றின் ஓரத்தைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்த குகதாசன் வேறு யாரோ என்று நினைத்தார். கஜந்தினி மட்டையோடு வந்து நின்றாள்.

“என்ரை பேரை ஆர் குடுத்தது?”

“நான்தான். போங்கோ. சனம் பாத்துக்கொண்டு நிக்குது.”

உண்மையிலேயே சனம் பார்த்துக்கொண்டுதான் நின்றது. வரம்பெல்லாம் ஆட்கள். கொழும்பிலிருந்து வந்திருந்த றஞ்சித்தும் கைதட்டினார். குகதாசன் மட்டையை வாங்கினார். முதல் வீச்சு காற்றில் போனது. இரண்டாவது ஒரு மண்கட்டியைப் பெயர்த்தெறிந்தது. மூன்றாவதில் ‘டக்’ என்றொரு சத்தம். கையிலிருந்து தோள்வரை ஏதோ இனித்துக்கொண்டு ஏறியது. பந்து உயர எழும்பி, வெயிலில் வெள்ளையாய் மிதந்து, குறிவைத்த கொடிக்கு நேரெதிர்ப் பக்கமாகப் போய் விழுந்தது.

“அண்ணை, கொடி இஞ்சாலை!” என்று கத்தினான் சுபாஸ்.

“விடடா, போற வழியைப் பாரன்!” என்றார் குகதாசன். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. வாய் சிரித்தபடியே இருந்தது.

அந்த வருடம் அவர்தான் கடைசி. வேறு யாரும் அவ்வளவு அடி அடித்ததில்லை. அதைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை. பஸ் நிலையத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் அந்த மூன்றாவது அடியைப் பற்றியே கதைத்தார்.

இப்போது விடியவே ஓட்டோவை வயலோரம் நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் அடித்துப் பழகிய பிறகுதான் சவாரிக்குப் போகிறார். போன மாசியில் கடைசியிலிருந்து மூன்றாவதாக வந்துவிட்டார். அவரைப் பழக்குகிற கஜந்தினிக்கு அது போதாது.

“முழங்கையை மடிக்காதேங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது?” என்று அவள் வரம்பில் நின்று கத்துவது றோட்டுவரை கேட்கிறது.

“ஓம், ஓம்,” என்று சொல்லிவிட்டு, குகதாசன் முழங்கையை மடித்தபடியே அடுத்த பந்தை அடிக்கிறார்.