கொழுக்கட்டைப்புல் இருந்த இடம்

அடி அண்ணாமலையில் புல் அறுக்கும் பெண்கள் எதைச் சொன்னாலும் சொல்வார்கள், நல்ல புல் இருக்கும் இடத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஏரிக்குப் பின்னாலிருந்த புறம்போக்குச் சரிவு என் அம்மாவின் ரகசியம். அங்கே கொழுக்கட்டைப்புல் இருந்தது. மற்றதெல்லாம் வெயிலில் சருகாகும். இது தூரில் உயிரைப் பிடித்துவைத்து ஒரே மழைக்குத் துளிர்த்துவிடும். எங்கள் ஒற்றைப் பசு அதை நம்பியிருந்தது. பசுவை நம்பி நாங்கள். அம்மா காய்ச்சலில் கிடந்தபோது தன் தங்கைக்கு மட்டும், என் சின்னம்மாவுக்கு, அந்த இடத்தைச் சொல்லியிருந்தாள். ஒருநாள் அம்மாவுக்குத் தெரியாமல் பின்னாலேயே போய் நானும் பார்த்துவைத்திருந்தேன்.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கையில், ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்திருந்த ஒரு சென்னை அக்கா நாட்டுப்புல் தேடி எங்கள் தெருவுக்கு வந்தார். அழிந்துவிடாமல் பாதுகாக்கப் போகிறார்களாம். சாலையோரம் ஒரு கதிரைப் பறித்து, புத்தகத்துப் படத்தோடு ஒட்டிப் பார்த்து, இதுதான் என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"கன்னத்துல தேச்சிப் பாருங்கக்கா. குத்துச்சின்னா ஒட்டுப்புல்லு. கொழுக்கட்டை குத்தாது."

தேய்த்தார். குத்தியது. நிஜமானது எங்கே இருக்கிறது என்று கேட்டார். படித்தவர் ஒருவர் என்னிடம் சந்தேகம் கேட்டது அதுவே முதல் தடவை. முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் ஓடினேன். சரிவில் ஊதா நிறம் ஓடிய கதிரைக் கன்னத்தில் தடவிப் பார்த்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அடுத்த மழைக்குள் அங்கே கம்பிவேலி எழுந்துவிட்டது. பாதுகாப்பது என்றால் யாரிடமிருந்து என்று நான் கேட்டிருக்கவில்லை. அரிவாளும் கோணியுமாகப் போன அம்மா, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிவந்து என்னை அழைத்துப்போனாள். அவளுக்கு எழுத்து தெரியாது.

"இன்னா எழுதியிருக்குது, படி."

ஆடு மாடு மேய்க்கவும் புல் அறுக்கவும் கூடாது என்று பலகையில் இருந்ததைப் பள்ளிக்கூடக் குரலில் உரக்கப் படித்தேன். அம்மா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கூடப் பொறந்தவளே காட்டிக் குடுத்துட்டா" என்றாள்.

பொங்கலுக்கு முன்பே பசுவை விற்றோம். சின்னம்மா கற்பூரத்தை அடித்து அணைத்துச் சத்தியம் செய்தும் அம்மா நம்பவில்லை. இன்றுவரை இருவருக்கும் பேச்சில்லை. நானும் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை, அது என் கோழைத்தனம்.

ஆனால் அன்று வீட்டுக்கு நடக்கும்போது எனக்கிருந்த வருத்தமே வேறு. அவ்வளவு பெரிய பலகையை ஒரு தப்பில்லாமல் படித்திருக்கிறேன், அம்மா ஒரு வார்த்தை மெச்சவில்லையே என்று உம்மென்று வந்தேன்.