வேன் கொதிக்காத வருஷம்

எங்கள் பழைய வேனுக்கு ஆடி மாதம் மட்டும் ஆகாது. மற்ற மாதமெல்லாம் சாதுவாக ஓடும். ஆற்றில் தண்ணீர் வந்து, நடவுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு அப்பா கிளம்பினால் போதும், நீடாமங்கலம் தாண்டுவதற்குள் கொதித்து நின்றுவிடும். "ஏண்ணே, ஒங்க வேனு நடவுக்குக் கூட்டிட்டுப் போவுதா, இல்ல டீ போடப் போவுதா?" என்று பெண்கள் கேலி செய்வார்கள். பானெட்டிலிருந்து கிளம்பும் ஆவி மெல்ல நாற்றின் பச்சைக்கு மேல் போய்க் கரையும். முன்சீட்டில் இருக்கும் எனக்கு, மேகம் இங்கேதான் தயாராகிறது என்று தோன்றும். ஆவி அடங்கவே கூடாது என்று வேண்டிக்கொள்வேன். அப்பாவுக்கோ உயிர் போகும். இரண்டு நாள் தாமதமானால் அந்தப் பெண்கள் வேறு வேனுக்குப் போய்விடுவார்கள். எங்கள் வீட்டு அடுப்பு அந்த வேனை நம்பித்தான் எரிந்தது.

கூத்தாநல்லூர் மெக்கானிக் பாய் வருஷத்துக்கு ஒன்றை மாற்றினார். மூடி, ஹோஸ், வாட்டர் பம்பு என்று எதையும் விடவில்லை. ரேடியேட்டரைக் கழுவினால் செம்பழுப்பாக வரும். துரு என்பார். பிறகு நன்றாக ஓடும், அடுத்த ஆடி வரை.

ஒரு வருஷம் ஆற்றில் தண்ணீரே வரவில்லை. போர்செட் வைத்திருந்தவர்களின் வயலுக்கு மட்டும், பாபநாசம் வரைகூட, அப்பா ஆள் ஏற்றிப் போனார். வேன் ஒருநாள்கூடக் கொதிக்கவில்லை. பாய்க்கு அதுதான் தாங்கவில்லை.

"நான் கையே வைக்கலியேண்ணே! இந்த வருஷம் நீங்க என்ன புதுசா செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல பாய்."

நான் முந்திரிக்கொட்டை. "புதுத்தண்ணி ஊத்தல மாமா" என்றேன்.

விஷயம் இதுதான். ஆற்றில் முதல் தண்ணீர் வந்ததும் அம்மா ஒரு குடம் மொண்டுவந்து வாசலிலும் மாட்டின் மேலும் தெளிப்பாள். மிச்சத்தை அப்பா ரேடியேட்டரில் ஊற்றிக் கும்பிடுவார். வேனும் வீட்டில் ஒரு ஆள்தானே.

பாய் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "துருன்னுல்ல நெனச்சேன், வண்டலா! வண்டல் பயிருக்குத்தாண்ணே நல்லது. இனிமே ஆத்துத் தண்ணிய இதுல ஊத்தாதீங்க."

"வந்தாத்தானே பாய் ஊத்தறதுக்கு" என்றார் அப்பா.

பாய் சிரிப்பை நிறுத்திவிட்டார். நான் நிறுத்தவில்லை. வேன் பிழைத்துவிட்டதென்று சீட்டின் மேல் ஏறிக் குதித்தேன். நல்லபடியாக ஓடுகிற வேனைத் தடவிக்கொண்டு அப்பா ஏன் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார் என்று எனக்கு அன்று புரியவில்லை.