முரளிக்கு நான் சொன்ன விளையாட்டு

மகனுக்கு வந்த வீடியோ கேம் பெட்டியைப் பிரித்தபோது, வழவழக் காகிதத்தில் அச்சு மை மணந்ததும், டெல்லி லக்ஷ்மிபாய் நகரில் இப்போது இடித்துவிட்ட எங்கள் மஞ்சள் குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டேன். கூலரின் ஈரப்புல் வாசனையும் கடகட சத்தமும் நிறைந்த கீழ்வீட்டு அறையில், ரத்தத்தில் வந்த நோயால் பள்ளிக்கூடம் நின்றுபோன முரளி படுத்திருப்பான்; பழைய பேப்பர் வாங்கும் கபாடிக்காரனிடம் பொறுக்கிய கேம் பத்திரிகையைத் தினமும் சாயங்காலம் விரித்து, டெல்லிக்கு இன்னும் வராத ஒரு கோட்டை விளையாட்டைப் பற்றி அவனுக்கு வாசிப்பேன். எனக்கு இங்கிலீஷ் பாதிதான் புரியும். மீதியை நானே அடித்துவிடுவேன், பேசும் யானை உட்பட. பத்திரிகை அதற்குப் பத்துக்கு ஒன்பது மார்க் போட்டிருந்தது, நான் பத்தரை போட்டேன்.

ஒருவழியாக அவன் அப்பா கடைகடையாக அலைந்து அந்த விளையாட்டை வாங்கிவந்தார். முரளி ஐந்து நிமிஷம்தான் ஆடினான்.

"யானை எங்கடா?"

"அடுத்த லெவல்ல வரும்."

"புளுகாதே. அச்சா, விடு. நீ சொன்னதுதான் ஜோரா இருந்தது. அதையே மறுபடி சொல்லேன்."

விமர்சகரின் மானம் போய்விட்டதல்லவா, விறைப்பாக மாடியேறிவிட்டேன். மூன்று நாள் இறங்கவில்லை. அவன் அம்மா படியில் நின்று, "முரளி கேட்டுண்டே இருக்கான்டா, ஒரு தடவை வந்துட்டுப் போயேன்" என்று கூப்பிட்டபோதும் தலைவலி என்றேன்.

நாலாம் நாள் காலை நான் இறங்கியபோது முரளி போய்விட்டிருந்தான். அவர்கள் வீட்டு வாசலில் செருப்பு விட இடமில்லாமல், என்னுடையதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.