தெருவிளக்கு விசாரணைக்கு என்னை மட்டும் கூப்பிடவில்லை

பிரதேச சபையின் முன்மேசையில் இருக்கிறவளுக்கு, ஊரில் எரியாத விளக்கை எல்லாம் அவளே ஊதி அணைத்தது போலத்தான் ஏச்சு விழும்; என்னைப் போல முன்மேசை காக்கிற உங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்கடை சபைக்கு வந்த புது விளக்குகள் முழுக்கத் தவிசாளரின் சொந்தக்காரர் வீடுகள் இருக்கிற ஒழுங்கையில் எரிய, கடற்கரை ஒழுங்கை இருட்டாகவே கிடந்தது. கதை பேப்பரில் வந்ததும், சுயாதீன விசாரணைக் குழு என்று வெளியிலிருந்து மூன்று பேர் வந்து இறங்கினார்கள்.

வரிசை

தவிசாளர் அவர்களுக்கு அறை கொடுக்கவில்லை. சபை மண்டபப் பூட்டின் திறப்பு துலைஞ்சு போச்சாம். அவர்கள் அலட்டிக்கொள்ளாமல் எதிரில் இருந்த வாசிகசாலையில் மேசை போட்டு இருந்துவிட்டார்கள். சாட்சி சொல்ல வந்த சனம் படலை தாண்டி றோட்டு வரைக்கும் நின்றது. தவிசாளர் யன்னலோரம் நின்று கனநேரம் பார்த்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். ஆற்றாமையோடு கேட்டார்:

"என்னட்டை வரேக்கை ஒருநாளும் உந்தச் சனம் உப்பிடி ஒழுங்கா வரிசையிலை நிண்டதே, பிள்ளை?"

மேனகாவுக்குக் கடிதம்

முதல் அழைப்பு மேனகாவுக்கு. அவளும் என்னைப் போலத் தற்காலிகம்தான். தவிசாளரின் அறையில் தட்டச்சு வேலை. பிறகு சாரதி. பிறகு காவலாளி, அந்தாள் பகலிலும் நித்திரை. விளக்குக் கேட்டு வந்த ஒவ்வொருவரின் பெயரையும் வந்த ஒழுங்கிலேயே எழுதி, விளக்குக் கிடைத்ததோ என்றும் கொப்பியில் குறித்து வைத்த என்னைக் கேட்பாரில்லை.

மேனகா புதுச்சேலை உடுத்துப் போய், ஒன்றும் ஞாபகமில்லை என்று ஐந்து நிமிசத்தில் சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த கிழமையே அவளின் நிரந்தர நியமனத்துக்குத் தவிசாளர் சிபாரிசு எழுதினார். பொறாமையில் மத்தியானப் புட்டைத் தொடாமலே மூடி வைத்தேன். பக்கத்தில் இருந்து அவள்தான் ஆறுதல் சொன்னாள்:

"நீ ஏனடி யோசிக்கிறாய், உன்னட்டைக் கேக்கிறதுக்கு விசாரிக்கிறவைக்கு என்ன கிடக்கு?"

சிபாரிசு

கடைசியில் எனக்கும் அழைப்பு வந்தது. அன்றைக்கே தவிசாளர் என்னைக் கூப்பிட்டு இருத்தினார். மேசையில் என்ரை சிபாரிசுக் கடிதம். கையெழுத்து மட்டும்தான் இல்லை. என்ரை மகள் பிறந்த காலத்திலிருந்து நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த கடிதம். விளக்குக் கொப்பியைக் கேட்டால், கூரை ஒழுக்கில் நனைந்து பழுதாகி எறிந்தாச்சு என்று சொல்ல வேண்டுமாம். பிறகு குரலைத் தணித்தார்:

"பொய் சொல்லப் பயமெண்டால், ஞாபகமில்லை எண்டு சொல்லு பிள்ளை, மேனகா சொன்னவள்தானே."

என்ரை முறை

அவர் மேனகாவின் பெயரைச் சொல்லாமல் விட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அவள் சொன்னதையே நானும் சொல்லிவிட்டு வருவதோ? மேசை லாச்சியில் கிடந்த கொப்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். யார் எப்போது கேட்டது, யாருக்கு விளக்குப் போனது என்று பக்கம் பக்கமாகப் புரட்டி ஒரு மணித்தியாலம் கதைத்தேன். விசாரணைக் குழுவில் இருந்த ஒரு அம்மா எனக்குத் தேத்தண்ணிகூட எடுப்பித்துத் தந்தார்.

வெளியில் வர, கடற்கரை ஒழுங்கையில் இருந்து மீன் விற்க வாற அக்கா நின்றார். கொப்பியில் முதல் பெயர் அவருடையதுதான். எனக்கு அதிகம் ஏசியவரும் அவர்தான். உள்ளே நான் சொன்னதைச் சுருக்கமாகச் சொன்னேன். பெட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்:

"விளக்கு வருதோ இல்லையோ, நான் கேட்டது உண்மையெண்டு ஒருத்தி சொல்லிப்போட்டாள், எனக்கு அது காணும்."

என்ரை கடிதம் இன்னும் கையெழுத்தில்லாமல்தான் கிடக்கிறது, மேனகா நிரந்தரமாகிவிட்டாள், ஆனாலும் தனக்கு மட்டும் ஏன் குழுக்காரர் தேத்தண்ணி தரவில்லை என்று அவள் இப்பவும் கேட்கிறபோது எனக்கு நல்லாய்த்தான் இருக்கிறது.