ஸ்ரீ என்று தொடங்கும் மரம்

சாஃப்ட்வேர் எழுதும் பிழைப்பில் ஒரு சௌகரியம், நாம் என்ன செய்கிறோம் என்று யாருக்கும் புரியாது. ஒரு சங்கடம், அதனாலேயே ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். இதைப் படிக்கிற நீங்களும் என்னைப்போல மானிட்டர் முன்னால் உட்கார்ந்து முதுகு வளைந்த ஜென்மம் என்றால், வாங்க, சேர்ந்தே புலம்பலாம்.

எனக்கு ஊர் மல்லாங்கிணறு. வேலை சிவகாசியில், ஒரு பட்டாசு மொத்த வியாபாரியின் ஆபீஸ் மாடியில். முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்போம். அவருக்கும் அவருக்கு வேண்டப்பட்ட நாலைந்து கடைகளுக்கும் ஆர்டர் எடுக்கிற சாஃப்ட்வேர் எழுதுவது எங்கள் வேலை. எங்கள் என்றால் நானும், விருதுநகரில் பருப்பு வியாபாரம் செய்கிற குடும்பத்திலிருந்து வருகிற பீர் முகமதுவும். நான் எழுதுவேன், அவன் அதில் குறை கண்டுபிடிப்பான். இரண்டு பேரில் அவனுக்குத்தான் வேலை அதிகம்.

ஆசை வந்த கதை

எங்கள் பக்கம் ஆடிப்பதினெட்டு அன்று பூஜை போட்டுத்தான் தீபாவளி ஆர்டரைத் தொடங்குவார்கள். அதற்குள் ஒரு தேடல் பெட்டி வேண்டும் என்றார் அண்ணாச்சி. கடைப் பெயரில் முதல் ரெண்டு எழுத்தைத் தட்டினால் போதும், அந்த எழுத்தில் தொடங்கும் கடை எல்லாம் வரிசையாக வந்து நிற்க வேண்டும். சரக்குக்கும் அப்படியே. இதற்கென்றே எங்கள் தொழிலில் ஒரு மரம் உண்டு. பிரிஃபிக்ஸ் ட்ரீ என்பார்கள். சரவெடிக்கும் சங்குசக்கரத்துக்கும் ‘ச’ பொது இல்லையா? அதனால் ‘ச’ ஒரு முறைதான் இருக்கும், அதற்கு மேல் ஆளுக்கொரு கிளை. ‘ச’ என்று தட்டி, அந்தக் கிளையைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினால், தொங்குவதெல்லாம் விழுந்துவிடும்.

அதை எங்கள் கடைக்கு மட்டும் எழுதியிருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பேன். புத்தி கேட்டால்தானே! எழுத்தோ, எண்ணோ, எதைப் போட்டாலும் வாங்கிக்கொள்கிற பொது டப்பாவாகச் செய்ய வேண்டும், எந்த ஊர் புரோகிராமரும் எடுத்துப் புழங்குகிற லைப்ரரியாக என் பெயரைப் போட்டு நெட்டில் விட வேண்டும் என்று ஆசை பிடித்துக்கொண்டது. அண்ணாச்சியிடம் அனுமதி கேட்டேன். சீசனில் போனில் ஆர்டர் எடுப்பதைப் போல ஒரு தண்டனை எங்கள் ஊரில் கிடையாது. காலையில் காதில் வைத்தால் இருட்டும்வரை எடுக்க முடியாது. பத்து ஊர்க்காரர்கள் பத்து தினுசாகக் கத்துவார்கள். அது எனக்குத் தெரியும் என்பது அண்ணாச்சிக்கும் தெரியும். சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஊருக்குப் பொதுவா எழுது, இல்ல உலகத்துக்கே பொதுவா எழுது, எனக்கென்ன? பூஜையன்னைக்கு ஓடலைன்னா தீபாவளி வரைக்கும் நீயும் பீரும் போன்ல உக்காரணும், ஆமா.”

ஒரே தண்டு

மரம் முளைத்ததும், எங்களிடம் சரக்கு எடுக்கும் கடைகளின் பெயரையெல்லாம் உள்ளே போட்டேன். பீர் முதல் எழுத்தாக ‘ஸ்’ தட்டினான். எல்லாக் கடையும் வந்தது. இரண்டாவதாக ‘ரீ’ தட்டினான். கிட்டத்தட்ட எல்லாக் கடையும் வந்தது. பட்டாசு வியாபாரத்தில் யார் கடை திறந்தாலும் முதலில் ஸ்ரீ, அப்புறம் சாமி பேர், கடைசியில் டிரேடர்ஸ். இதை அந்த மரம் எழுதும்போது ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம் இல்லையா? பிறந்ததிலிருந்து இந்த போர்டுகளைப் பார்த்துத்தானே வளர்ந்தேன்! என் மரம் ஆலமரம் மாதிரி பரந்து நிற்கும் என்று பார்த்தால், பனைமரம் மாதிரி ஒரே தண்டாக ஓடி, உச்சியில் மட்டும் கொஞ்சம் ஓலை.

கிளை பிரியாத நீளத்தையெல்லாம் ஒரே கணுவாகச் சுருட்டி இடத்தை மிச்சம் பிடித்தேன். ஆனால் தேடுகிறவர் ஸ்ரீயைத் தட்டித்தானே தீர வேண்டும்? தேடும்போது மட்டும் ஸ்ரீயை விட்டுவிடலாமா என்று அண்ணாச்சியிடம் மெதுவாகக் கேட்டேன். மனுஷர் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார். “சாமிய விட்டுட்டுச் சரக்கத் தேடுனா எங்கன தாயி கெடைக்கும்?”

சூலக்கரையில் ஒரு சோதனை

எழுத்து மட்டும்தான் வாங்கும் என்றால் அது என்ன பொது டப்பா என்று பீர் கேலி செய்தான். சரி, எழுத்துக்குப் பதில் பஸ் ஸ்டாப்பைப் போடு என்றேன். ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒரு எழுத்து மாதிரி. ஒரு பஸ் போகும் வழி முழுக்க ஒரு பெயர் மாதிரி. ‘விருதுநகர், சூலக்கரை’ வரைக்கும் பொது. அதற்கு மேல் சாத்தூர் போகிறது ஒரு கிளை, சாத்தூரைத் தாண்டி ஏழாயிரம்பண்ணை போகிறது அதிலேயே ஒரு கிளை. அண்ணாச்சியின் லைசென்ஸ் விஷயமாகக் கலெக்டர் ஆபீசுக்குப் போயிருந்தபோது, சூலக்கரை ஸ்டாப்பில் மண்டை காயும் வெயிலில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இந்தச் சோதனையை நடத்தினோம்.

பீர் இரண்டு ஸ்டாப்பைத் தட்டியதும் அங்கிருந்து போகிற பஸ் எல்லாம் பிசகாமல் வந்து விழுந்தது. சந்தோஷத்தில் நான் கைதட்டியே விட்டேன். அந்தப் பட்டியலில் முதலாவதாக இருந்த பஸ் எங்கள் முன்னால் வந்து, நின்று, ஆளை ஏற்றி, விசிலும் ஊதிவிட்டது. எங்களுக்குத்தான் உறைக்கவில்லை. நகர்கிற பஸ்ஸின் படியில் நின்றபடி கண்டக்டர் தலையை நீட்டினார்: “பஸ்ஸு எங்க போகும்னு இம்புட்டு நேரமாப் பாக்கீகளே, ஏறிப் பாத்தாத்தான் என்ன?”

தங்கம்மாக்காவின் மரியாதை

போன் ஆர்டர் எடுப்பவர் தங்கம்மாக்கா. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர். தேடல் பெட்டியை முதலில் புழங்கப் போவது அவர்தான் என்பதால் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். “சாமி பேர்ல ரெண்டு எழுத்து வரைக்கும் தட்டுங்கக்கா, கடை தன்னால வந்துரும்.” அக்கா தலையை ஆட்டினார். ஒற்றை விரலால் ஸ்ரீயில் தொடங்கி டிரேடர்ஸ் வரைக்கும் முழுப் பெயரையும் அடித்தார். அடித்து முடிக்கிறவரை கீபோர்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பாதியிலேயே கடை திரையில் வந்து காத்துக்கொண்டிருந்தது. எவ்வளவு பாடுபட்டு வேகம் கூட்டி வைத்திருக்கிறேன்! “அக்கா, பாதியில நிப்பாட்டுங்கக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்று கெஞ்சினேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எம்புட்டுச் சரக்கு எடுக்கிற மொதலாளி! பேர அரைகொறையாக் கூப்புட்டா நாளைக்கு ஆர்டர் குடுப்பாகளா பாப்பா?”

ஊரைக் காலி செய்தது

ஆடிப்பதினெட்டு நெருங்கியது. ஒத்திகை பார்க்க அண்ணாச்சி மாடிக்கு வந்தார். எங்களிடம் சரக்கு எடுத்த ஒருவர் சாமி பேர்கூட வைக்காமல் வெறும் ‘ஸ்ரீ’ என்று கடை நடத்தியவர். கடையை மூடிவிட்டு மகன் வீட்டோடு போய்விட்டார். “அவரை எடுத்துரு தாயி” என்றார் அண்ணாச்சி. ஜம்பமாக ஒரு பட்டனைத் தட்டினேன். அந்த ஸ்ரீ போனது. அதற்கு மேல் தொங்கிய அத்தனை ஸ்ரீயும் சேர்ந்து போனது. அந்த மொட்டை ஸ்ரீதானே மொத்த மரத்துக்கும் தண்டு? தண்டை வெட்டினால் கிளை அந்தரத்திலா நிற்கும்? அண்ணாச்சி எந்தக் கடையைத் தேடினாலும் வெள்ளைத் திரை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றைக்கே சரி செய்துவிட்டேன் என்று வையுங்கள். ஒரு பெயரை எடுக்கும்போது கணுவை வெட்டக் கூடாது. ‘இங்கே ஒரு பெயர் முடிகிறது’ என்ற அடையாளத்தை மட்டும் அழிக்க வேண்டும். அதற்கு மேல் ஒன்றுமே தொங்கவில்லை என்றால்தான் வெட்டலாம். பீர் மாற்றி மாற்றி வெட்டிப் பார்த்தும் மற்றக் கிளை அசையவில்லை. ஆனால் மறுநாள் காலையில் என் மேஜையில் ஒன்று, பீர் மேஜையில் ஒன்று என்று, தலையில் மாட்டுகிற போன் புத்தம் புதிதாக உட்கார்ந்திருந்தது. அண்ணாச்சி வாசலில் நின்றார். “ஒரு கடைய எடுன்னா ஊரையே காலி பண்ணிட்டியே. அத மாட்டிப் பாரு தாயி, காதுக்கு அளவு சரியா இருக்கான்னு.”

நல்ல நேரம்

பூஜையன்று மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம், மல்லிகைப் பூ. கற்பூரம் காட்டி முடித்து, நல்ல நேரம் முடிவதற்குள் முதல் ஆர்டரை அண்ணாச்சி கையால் போட வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணாச்சி கண்ணை மூடிக் கும்பிட்டார். தேடல் பெட்டியில் விரலை வைத்தார். பிள்ளையார் சுழி போட்டார். ‘உ’.

ஐயோ! புது நோட்டு வாங்கினாலும், பில் புக் திறந்தாலும், கல்யாணப் பத்திரிகை அடித்தாலும் உச்சியில் ‘உ’ போடாமல் எங்கள் ஊரில் யார் எதைத் தொடங்கியிருக்கிறார்கள்? எல்லாச் சோதனையும் செய்தோமே, இது ஏன் தோன்றவில்லை? ‘உ’ என்று தொடங்கும் கடை எங்களிடம் ஒன்றுகூட இல்லை. மரம் ஒளிவுமறைவு இல்லாமல் பதில் சொன்னது: ‘எதுவும் இல்லை’. வருஷத்தின் முதல் ஆர்டர், நல்ல நேரம், சொந்தக்காரர்கள் எல்லாம் சுற்றி நிற்க, சந்தனம் வைத்த திரையில் ‘எதுவும் இல்லை’. அண்ணாச்சி முகம் செத்துவிட்டது. அப்போதுதான் பீர் சுண்டல் தட்டோடு குறுக்கே வந்தான். “அண்ணாச்சி, கீழ குடோன் வாசல்ல இன்னும் தேங்கா உடைக்கலையே!” கூட்டம் அப்படியே கீழே இறங்கியது. அவனுக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம்.

நான் நாற்காலியில் பாய்ந்தேன். பெயரை எப்படித் துண்டு போடுவது, எழுத்து எழுத்தாகவா, ஸ்டாப் ஸ்டாப்பாகவா என்பதை, எடுத்துப் புழங்குகிறவரே சொல்லிக்கொள்ளலாம் என்று என் டப்பாவில் வழி வைத்திருந்தேன். ஒரே ஒரு வரி சேர்த்தேன்: ‘உ’ மட்டும் தனியாக வந்தால் அதைத் துண்டாகவே எண்ணாதே. தட்டியது எதுவும் இல்லை என்றால் எந்தக் கிளைக்கும் போக வேண்டாம், வேரிலேயே நின்று உலுக்க வேண்டியதுதான். அண்ணாச்சி மேலே வந்தார். மறுபடி ‘உ’ போட்டார். கடை கடையாக, ஸ்ரீ ஸ்ரீ என்று திரை நிறைந்து கொட்டியது. நல்ல நேரம் முடிவதற்குள் முதல் ஆர்டரைப் போட்டுவிட்டு, மனுஷர் மானிட்டரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டார், கண்ணெல்லாம் தண்ணீர். எனக்கும்தான். தப்பித்தோமடா சாமி என்று நானும் பீரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அதே நேரம் போன் அடித்தது. தங்கம்மாக்கா எடுத்து, கூப்பிட்டவர் சொன்ன கடைப் பேரையும் சரக்கையும் முழுசாகத் திருப்பிச் சொல்லி முடிப்பதற்குள், உற்சாகத்தில் நான் நாலைந்து தட்டுத் தட்டிக் கடையையும் சரக்கையும் திரையில் நிறுத்திவிட்டேன். சும்மா இருந்திருக்கலாம்! அண்ணாச்சி அசந்துபோய் என்னைப் பார்த்தார். என் மேஜைக்குப் போய், அந்தப் புதுப் போனை எடுத்து வந்து, மாலை போடுகிற மாதிரி தன் கையாலேயே என் தலையில் மாட்டினார். “இம்புட்டு வெரசாத் தேடுறதுக்கு நம்ம ஊர்ல வேற யாரு இருக்கா? தீபாவளி வரைக்கும் நீதான் தாயி போன்ல.”

எந்தச் சரக்கையும் வாங்கிக்கொள்கிற டப்பா செய்திருக்கிறேன் என்று நெட்டில் என் பெயரோடு பெருமையாகப் போட்டிருக்கிறேன்; எந்த வேலையையும் வாங்கிக்கொள்கிற டப்பா யார் என்று எங்கள் ஆபீசில் கேட்டால் சொல்வார்கள்.